மாட்டு டாக்டர் முழுதாக வீடு திரும்புவது எப்படி

போன மாதம் எங்கள் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்தவள், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "எப்படி மேடம் இருபது வருஷமா இதைத் தாங்குறீங்க?" அன்று காலை மட்டும் இரண்டு பார்வோ குட்டிகள் — குடலைத் தாக்கும் வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டிகள் — செத்துப்போயிருந்தன. டப்பாவில் தயிர்சாதம் தொடாமல் கிடந்தது.

"பழகிடும்மா" என்று வாய் வரை வந்துவிட்டது. எனக்கும் என் சீனியர்கள் அப்படித்தான் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. அதனால் "முதல்ல சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், அவளுக்கும், வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் படித்து முடித்துவிட்டு பெங்களூருக்கு ரயிலேறும் மற்றவர்களுக்கும்.

எனக்கு ராசிபுரம் பக்கம். அப்பா இரண்டு எருமை வைத்திருந்தார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது கல்யாண வீடுகளில் "ஏன், மனுஷ டாக்டருக்கு மார்க் பத்தலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. இப்போது பெங்களூரில் காக்ஸ் டவுன் பக்கம் சின்ன கிளினிக். ஒரு எக்ஸ்ரே மெஷின், நான்கு கூண்டு, என்னைவிடப் பத்து வயது மூத்த கம்பவுண்டர் அண்ணன் ஒருவர். நாயும் பூனையும்தான் வருகின்றன என்றாலும் ஊரில் நான் இன்னும் மாட்டு டாக்டர்தான்.

2015 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். திருப்பவில்லை. அப்படியே முக்கால் மணி நேரம். எதிரே பானிபூரி வண்டிக்காரர் கடையைக் கட்டிக்கொண்டே, "இன்னா மேடம், பெட்ரோல் இல்லியா?" என்றார். பெட்ரோல் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் சொல்வதை எல்லாம் செய்தேன். யோகா வகுப்பில் சேர்ந்தேன். மூச்சை எண்ணச் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டேன். காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடந்தேன். அங்கே திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு வருஷம் மூடியபடியே நின்று 2009 ஆகஸ்டில்தான் திறப்பு விழா கண்டவர். அவரளவு பொறுமை எனக்கு இல்லை. நடந்து முடித்து ஒன்பது மணிக்கு கிளினிக்குக்குள் நுழைந்தால், ஒன்பதேகாலுக்கெல்லாம் பழைய ஆளாகிவிடுவேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த மாதிரிக் களைப்பைத் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் விளக்கியபோது, அதை நோய் என்று சேர்க்கவில்லை. வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நாட்பட்ட அழுத்தத்தால் வருவது என்றுதான் எழுதியது. அடையாளமாக மூன்றைச் சொன்னது: சக்தி வடிந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பாவது, செய்கிற வேலை உருப்படியாக இல்லை என்று தோன்றுவது. மூன்றும் எனக்கு இருந்தன. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது 'வேலையிடம்' என்ற சொல்தான். நான் அதுவரை மனசைத்தான் திருத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.

ஆகவே கீழே இருப்பது எல்லாம் நாற்காலி நகர்த்துகிற சமாச்சாரம்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு

எது நம்மைத் தேய்க்கிறது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தப்பாக இருக்கும். நான் சாவுதான் என்று நினைத்திருந்தேன். அதனால் இரண்டு வாரம், ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் ஒரே வரி எழுதுங்கள்: என்ன கேஸ், மனசு எவ்வளவு கனக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். விளக்கம் வேண்டாம், இலக்கியம் வேண்டாம். பத்து நொடிக்கு மேல் ஆனால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

என் நோட்டில் இருந்தவை சில: "லேப்ரடார், 13 வயசு, மண்ணீரல் கட்டி, டேபிளிலேயே போய்விட்டது — 5." "பூனை, சிறுநீர் அடைப்பு, டியூப் போட்டேன் — 1." "தடுப்பூசி. பில் 1,150. 'யூடியூப்ல இதெல்லாம் தேவையில்லன்னு சொல்றாங்களே' — 7." "இரவு 11:40 வாட்ஸ்அப், நாய் மலம், போட்டோ — 8." "உண்ணிக் காய்ச்சல், ரத்தம் ஏற்றணும், பணம் இல்லை, கூட்டிப் போய்விட்டார்கள் — 10."

இரண்டு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், வைத்தியம் செய்து தோற்ற கேஸ்கள் நாலு, அஞ்சு என்றே நின்றன. ஏழுக்கு மேல் போனதெல்லாம் காசு அல்லது போன். உங்கள் நோட்டில் வேறு ஏதாவது வரலாம். ஒரு தோழிக்கு வந்தது முதலாளி. அவள் வேலையை மாற்றினாள், பிரச்சினை தீர்ந்தது. நோட்டு சொல்கிற இடத்தில் கை வையுங்கள்.

காசைப் பற்றி, ஊசிக்கு முன்னால்

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு மூன்று நாள் முன்பு லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு ஆட்டோக்காரர், பள்ளிச் சீருடையில் இருந்த எட்டு வயது மகளோடு வந்தார். துண்டில் சுற்றிய மூன்று மாதச் செவலைக் குட்டி. பேர் ஜூலி. வாசலுக்கு வரும்போதே அந்த வாடை வந்துவிட்டது; பார்வோ பார்த்தவர்களுக்கு கிட் போட்டுப் பார்க்கத் தேவையே இருக்காது. கிட்டிலும் இரண்டு கோடு.

"காப்பாத்திடுங்க மேடம்" என்றார். அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தொகையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பாத்துக்கலாம்" என்று சொல்லி டிரிப் போட்டுவிட்டேன். கருணை என்று அப்போது நினைத்தேன்.

மூன்றாம் நாள் பில் 9,400 ரூபாய். அவர் சட்டைப்பையைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். ஆயிரத்துச் சொச்சம். கோபமே இல்லாமல் சொன்னார்: "இவ்ளோ ஆவும்னு மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா வேற எங்கியாவது கேட்டிருப்பேன் மேடம்." நான் வேண்டாம் என்றும் கேளாமல், கடனாளி ஆகக் கூடாது என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பார்வோவில் முதல் மூன்று நாலு நாள் தாண்டினால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. வாந்தி நின்றிருந்தது, அன்று காலைதான் முதல் முறையாக வாலை ஆட்டியிருந்தது. வீட்டில் டிரிப் இல்லாமல் மறுநாள் ராத்திரி போய்விட்டது. அன்றைக்குத்தான் ஸ்கூட்டர் கிளம்பவில்லை.

மனுஷ ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்வது ஒருவர், பில்லை நீட்டுவது இன்னொருவர், இடையில் காப்பீடு. நமக்கு எல்லாம் ஒரே வாய். ஐந்தரை வருஷப் படிப்பில் குடற்புழு முட்டையை வைத்துப் புழு எது என்று சொல்லப் பழக்குகிறார்கள். "இவ்வளவு ஆகும்" என்று சொல்லப் பழக்குவதில்லை. ஆகவே கண்ணாடி முன்னால் நின்றாவது பழகுங்கள். நான் இப்போது சொல்வது ஏறத்தாழ இப்படி:

"அண்ணா, இது பார்வோ. இதுக்குன்னு தனி மருந்து நம்மகிட்ட கிடையாது. டிரிப் போட்டு, வாந்தியை நிறுத்தி, உடம்பு தானா எதிர்த்து நிக்கிற வரைக்கும் தாங்கிப் பிடிக்கிறதுதான் வைத்தியம். நாலஞ்சு நாள் ஆகும். பிழைக்கலாம், உறுதி சொல்ல முடியாது. இங்கேயே வெச்சுப் பாத்தா மொத்தம் பன்னண்டாயிரத்துக்குள்ள. பகல்ல மட்டும் டிரிப் போட்டுட்டு ராத்திரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா ஆறேழாயிரம், ஆனா ரிஸ்க் கூட. அதுவும் முடியலன்னா ஹெப்பால் காலேஜ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தரேன், அங்க செலவு கம்மி. காலைல சீக்கிரமே போய் நின்னுடுங்க."

அப்புறம் பேசாதீர்கள். இதுதான் கஷ்டமான பகுதி. மௌனம் தாங்காமல் "இல்ல, கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று உளறிவிடுவோம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நாயைப் பாருங்கள், ஈறு வெளுத்திருக்கிறதா என்று இன்னொரு தரம் பாருங்கள். பையில் இருப்பதைக் கணக்குப் போடுகிற மனுஷனை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சீட்டு வாங்கிக்கொண்டு ஹெப்பால் போனாலும், அது தோல்வி இல்லை. 1958 முதல் இருக்கிற கல்லூரி அது. அங்கே இருப்பவர்களுக்கு நம்மைவிடப் பார்வோ அதிகம் தெரியும். தேர்ந்தெடுத்ததை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அன்றைய தொகையைச் சொல்லுங்கள். பில் யாருக்கும் அதிர்ச்சியாக வரக் கூடாது, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று, சொந்தப் பையிலிருந்து போடாதீர்கள். இதைச் சொன்னால் சின்னவர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி மாதிரி பார்ப்பார்கள். ஒரு வருஷம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது 68,000 ரூபாய் என் கையிலிருந்து போயிருந்தது. அதே வருஷம்தான் கம்பவுண்டர் அண்ணனின் தீபாவளி போனஸைப் பாதியாகக் குறைத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆக, தர்மம் பண்ணியது யார்?

இப்போது மேஜையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. ஜூலி பாட்டில் என்று பெயர். கன்சல்டேஷன் ஒன்றுக்கு இருபது ரூபாய் கிளினிக் போடுகிறது. விருப்பப்பட்டவர்கள் மீதிச் சில்லறையைப் போடுகிறார்கள். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அண்ணன், நான் இல்லை. பாட்டில் காலி என்றால் காலி. "இந்த மாசம் தீர்ந்துபோச்சும்மா" என்று அவர் சொல்லும்போது யாரும் கோபித்துக்கொண்டதில்லை. "உங்களுக்கெல்லாம் நாய் மேல பாசமே இல்லையா டாக்டர்?" என்று என்னிடம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "இருக்குங்க, அதான் முதல்லயே சொல்றேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். விவாதம் பண்ண இறங்கினால் நோட்டில் எட்டு.

போன்

இரண்டு சிம். கிளினிக் போன் கிளினிக்கிலேயே தூங்கும். இரவு ஒன்பதுக்கு மேல் யார் கூப்பிட்டாலும் ஒரு பதிவுச் செய்தி, கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும்: இரவில் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி எது, எங்கே, நம்பர் என்ன. அந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம் முன்னாலேயே பேசி வைத்துவிடுங்கள். அப்போதுதான் மனசாட்சி உறுத்தாது.

முதல் மாதம் நாலு பேர் கோபித்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போனார்கள். அதில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். தீபாவளி மூன்று நாள் மட்டும் விதிவிலக்கு. வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் புகுந்த நாய், கேட்டைத் தாண்டி ஓடிய நாய், புஸ்வாணத்தை முகர்ந்து பார்த்த நாய் என்று வரிசை கட்டும். அதற்குப் பதில் அடுத்த வாரம் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவேன்.

தூங்க வைக்கிற நாள்

கருணைக்கொலை என்று புத்தகம் சொல்லும். மேஜைக்கு எதிரே நிற்பவர்கள் "தூங்க வெச்சிடலாமா டாக்டர்" என்றுதான் கேட்பார்கள். இதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். முறை இருப்பதால் துக்கம் குறைவதில்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று கை தடுமாறுவதில்லை.

நேரம், காலைக் கடைசி. பன்னிரண்டரை. ஒரு நாளைக்கு ஒன்றுதான். அவசரமாக வருவதைத் தடுக்க முடியாது. முன்கூட்டியே தெரிந்ததை ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். முன்பெல்லாம் உள் அறையில் ஒருவர் நாயைக் கட்டிக்கொண்டு அழுவார்; நான் கையைக் கழுவிவிட்டு முன் அறைக்கு வந்து, பிறந்தநாள் தொப்பி போட்ட குட்டிக்கு "ஹேய், யாரு இது" என்று கொஞ்சுவேன். ஒரே நாளில் நாலு தடவை முகத்தைக் கழற்றி மாட்டினால் சாயங்காலம் எது சொந்த முகம் என்று தெரியாது.

பணத்தையும் கையெழுத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். அழுது முடித்தவரை கவுண்டரில் நிறுத்தி கார்டு தேய்க்கச் சொல்வது மாதிரிக் கொடுமை வேறில்லை. உடலை எங்கே கொண்டுபோவது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

அப்புறம், நடக்கப்போவதைச் சொல்லுங்கள். போன மார்கழியில் ஃப்ரேசர் டவுனிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தன் பொமரேனியனைக் கொண்டு வந்தார். மணி, பதினாலு வயசு, சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. "மடியில வெச்சுக்கலாமா?" என்றார். தரையில் போர்வை விரித்து உட்கார வைத்தேன். நானும் தரையில் உட்கார்ந்தேன், நின்றுகொண்டு செய்யாதீர்கள். சொன்னேன்: "அம்மா, முதல் ஊசியில அசந்து தூங்கிடுவான். ரெண்டாவது ஊசி போடும்போது அவனுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணு மூடாது, திறந்தபடியேதான் இருக்கும். அப்புறமும் ஒண்ணு ரெண்டு தரம் மூச்சு இழுக்கிற மாதிரி தெரியலாம், அது உடம்போட அசைவு, அவன் இல்லை. சிறுநீர் போகலாம், உங்க புடவைல படும், பரவாயில்லையா?" அவர் முந்தானையை எடுத்து அவன் அடியில் தானே மடித்து வைத்தார்.

இதைச் சொல்லாமல் விட்டால், கண் திறந்திருப்பதைப் பார்த்து "உயிரோட இருக்கான் டாக்டர்!" என்று அலறுவார்கள், அந்த அலறல் அவர்களுக்கும் நமக்கும் வருஷக்கணக்காக நிற்கும். ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிஷம் கேளுங்கள். "போய்விட்டான்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், "முடிஞ்சிடுச்சு" என்று மழுப்பாமல். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். குழந்தைகள் இருக்கலாமா என்று கேட்டால், குழந்தையிடமே கேட்கச் சொல்வேன். "தூங்கப் போறான்" என்று மட்டும் குழந்தையிடம் சொல்ல விடாதீர்கள். அது ராத்திரி படுக்கப் பயப்படும்.

முடிந்ததும் பதினைந்து நிமிஷம் என்னுடையது. முழங்கை வரை கழுவுவேன், வெள்ளைக் கோட்டை மாற்றுவேன், பின்பக்கப் படியில் உட்காருவேன். அண்ணன் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். போனை எடுப்பதில்லை. அழுகை வந்தால் அழுவதுதான். நாயை வளர்த்தவர் முன்னால் கண் கலங்கினாலும் குற்றமில்லை. நம்மை அவர்கள் தேற்ற வேண்டிய அளவுக்குப் போகாமல் இருந்தால் சரி.

மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நன்றாக ஓடியாடுகிற நாலு வயது லேப்ரடாரை, வெளிநாடு போகிறோம், யாரும் வைத்துக்கொள்ளவில்லை என்று கொண்டு வந்தார்கள். முதல் வேலையில் முதலாளி சொன்னார் என்று அப்படி ஒன்றைச் செய்திருக்கிறேன். அந்த நாயின் கழுத்துப் பட்டை நிறம்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த முறை, "இதை நான் செய்ய மாட்டேன், ஆனா வீடு தேட ஒரு மாசம் உதவி பண்றேன்" என்றேன். இருபத்திரண்டு நாளில் வீடு கிடைத்தது. கிடைக்காமலும் போயிருக்கலாம். அப்போதும் மறுத்திருப்பேன். வேலைக்குச் சேரும் முன் இன்டர்வியூவில், "இப்படி ஒரு கேஸை நான் மறுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். சம்பளத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

உடம்பு

நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டீர்களா என்று நாள் முழுக்கக் கேட்கிற நாமே போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். முன்தடுப்பு மூன்று ஊசி: முதல் ஊசி போடுகிற நாளைப் பூஜ்யம் என்று வைத்தால் அன்று, ஏழாம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள். இதை முடித்தவர்களுக்குக் கடிபட்டால் பிறகு இரண்டே ஊசி, கடித்த அன்றும் அதிலிருந்து மூன்று நாள் கழித்தும்; இம்யூனோகுளோபுலின் (காயத்தைச் சுற்றிப் போடுகிற ஆன்டிபாடி ஊசி) தேவைப்படாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுவது எல்லாருக்கும் பொது. பதினைந்து என்பது கடிகாரம் பார்த்துப் பதினைந்து.

பூனைக் கடியை அலட்சியம் பண்ணாதீர்கள். பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே ஓட்டை மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். "சின்னக் கீறல்" என்று பஞ்சு சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரை ஓ.பி. பார்த்த எனக்கு ஆள்காட்டி விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. நாமே ஆன்டிபயாடிக் எடுத்து விழுங்குவதும் ஒரு வியாதி. மனுஷ டாக்டர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: இரண்டு மணிக்கு வாசலில் 'ஊட்ட' என்று பலகை. கன்னடக்காரருக்குப் புரியும், நமக்கும் புரியும். அம்மா ராசிபுரத்திலிருந்து ரெண்டே காலுக்கு போன் பண்ணி "சாப்டியா?" என்பார், பொய் சொல்ல வாய் வராது. இதைவிட நல்ல அலாரம் எந்தக் கடையிலும் இல்லை.

இது போதாதபோது

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1979 முதல் 2015 வரை இறந்துபோன அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. தற்கொலையால் இறந்தவர்களின் விகிதம் பொதுமக்களைவிடப் பெண் மருத்துவர்களில் 3.5 மடங்கு, ஆண்களில் 2.1 மடங்கு. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு காரணம். எங்கள் கிளினிக்கில் அந்த அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அண்ணனிடம். யாரும் தனியாகத் திறக்க முடியாது, நான் உட்பட. புதிதாக வருபவர்கள் "எங்களை நம்பலையா மேடம்?" என்பார்கள். என்னையும் நம்பவில்லை என்று சொல்வேன்.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனால், அல்லது 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இலவசம், இருபத்து நாலு மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. அதற்குத் தலைமை மையமே நம் ஓசூர் ரோடு மனநல ஆஸ்பத்திரி, நிமான்ஸ்தான். நேரில் போக நினைத்தால் நிமான்ஸ் ஓ.பி.க்குப் போகலாம். அந்த 2015-க்குப் பிறகு நான் ஒரு மனநல மருத்துவரை எட்டு மாதம் பார்த்தேன். வீட்டில் முதல் இரண்டு மாதம் பல் டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தேன். இவ்வளவு பல்லா என்று கணவர் கேட்ட பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

புதிதாக ஒன்று

நமக்கு வளர்ச்சி என்றால் இன்னொரு பட்டம், இன்னொரு மெஷின் என்று பழக்கிவிட்டார்கள். அல்ட்ராசவுண்ட் கற்றுக்கொண்டேன், உபயோகமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை மாற்றியவை இரண்டு வேறு விஷயங்கள்.

ஒன்று கன்னடம். முதல் ஆறு வருஷம் "ஏனாயித்து?" — என்ன ஆச்சு — என்று கேட்கத் தெரியும், பதில் பாதிதான் புரியும். கெட்ட செய்தியை இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தப்பிப்பேன். பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் தினமும் பத்து நிமிஷம் பேசிக் கற்றுக்கொண்டேன். "நோவாகல்ல, அம்மா" — வலிக்காதும்மா — என்று அவர்கள் மொழியில் சொல்ல ஆரம்பித்த பிறகு, சண்டை பாதியாகக் குறைந்தது. முன்பு என்னிடம் கத்தினவர்களில் பலர் பயத்தில் கத்தியிருக்கிறார்கள். அது எனக்கு இங்கிலீஷில் கேட்கவில்லை.

இன்னொன்று மாடு. மாதத்தில் முதல் ஞாயிறு ஹொஸ்கோட்டே தாண்டி ஒரு கிராமத்துக்குப் போகிறேன். அங்கே வேலை பார்க்கிற நண்பர் நடத்துகிற முகாம். சம்பளம் இல்லை, ராகிக்களியும் சாறும் உண்டு. நான் கேட்டு வாங்கிக்கொள்வது சினைப் பரிசோதனை, மாட்டின் ஆசனவாய் வழியாகக் கை விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்ப்பது. இன்டர்ன்ஷிப்புக்குப் பிறகு பத்து வருஷம் மாட்டுக்குள் கை விடாதவள், முதல் நாள் கருப்பை எது சாணம் எது என்று தெரியாமல் முழித்தேன். ஒரு பதினெட்டு வயதுப் பையன் சிரித்தான். பத்து வருஷ அனுபவக்காரிக்கு மறுபடி ஒன்றும் தெரியாமல் நிற்பது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தோள் வரை பிளாஸ்டிக் உறை. இடது கை. உள்ளே வெந்நீர் மாதிரிச் சூடு. இடுப்பெலும்பைத் தாண்டிக் கருப்பை வயிற்றுப்பக்கம் இறங்கியிருந்தால் மாதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மேலே தடவினால் காசு காசாகக் கெட்டியாகத் தட்டுப்படும். பிறகு கருப்பைக்குப் போகிற நாடியை விரலுக்கிடையே லேசாகப் பிடிக்க வேண்டும். சாதாரண நாடி டக் டக் என்று அடிக்கும். நாலு மாதச் சினையில் அது அடிப்பதில்லை. குழாயில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி விர்ரென்று ஓடும். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன், தேவைக்கு மேலேயே. "எஷ்டு திங்களு, டாக்ட்ரே?" என்று மாட்டுக்காரம்மா கேட்பார். "நால்கு."

வரும் முதல் ஞாயிறு ஒரத்தநாட்டுப் பெண்ணும் வருகிறேன் என்றிருக்கிறாள். காலை 5:45-க்கு காக்ஸ் டவுன் மார்க்கெட் முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறேன். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஏதாவது சாப்பிட்டுவிட்டு.